இடது ஓரத்துப் பொட்டு

சார்ட் பேப்பரில் முப்பத்தொரு பொட்டுகள் இருந்தன. முப்பது ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் உயர்ந்து, இருபுறமும் சரிந்து, சின்னக் குன்று போல நின்றன. ஒன்று மட்டும் வெகுதூரம் விலகி இடது ஓரத்தில் கிடந்தது.

அந்த ஒன்று மதிவதனியுடையது.

கோவையில் ஒரு மகளிர் கல்லூரி. புள்ளியியல் இரண்டாமாண்டு வகுப்பு. இந்தப் பாடத்தைப் புத்தகத்தோடு விட ரூபினா மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை எல்லோரையும் கல்லூரிப் பேருந்தில் ஏற்றிக் காங்கேயத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கொப்பரை காயவைக்கும் ஒரு தேங்காய்க் களம். ஒவ்வொருத்தியும் உரித்த காய் இருபத்தைந்து எடுக்க வேண்டும். எடை போட்டுச் சராசரி காண வேண்டும். வகுப்புக்குத் திரும்பி, அந்தச் சராசரி விழும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். பொட்டு அட்டைகள் அக்ஷிதாவின் உபயம். களமும் அவள் அப்பாவுடையதுதான்.

"ஒத்தக் காய எடுத்தா அது முன்னூறு கிராமும் இருக்கும், எழுநூறும் இருக்கும்," என்றார் ரூபினா மிஸ். "அது இஷ்டத்துக்கு அலையும். இருபத்தஞ்சு எடுத்துச் சராசரி போட்டா அந்த அலைச்சல் அஞ்சுல ஒரு பங்கா அடங்கிப்போகும். பெருசும் சிறுசும் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சுக்கும். நூறு எடுத்தா பத்துல ஒரு பங்கு. நீங்க ஒட்டியிருக்கறது காயோட குன்று இல்ல. சராசரிகளோட குன்று. ரெண்டும் வேற. தெரியுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தெரிந்தவர்களும் ஆட்டினார்கள், தெரியாதவர்களும் ஆட்டினார்கள்.

"மிஸ்," என்றாள் அக்ஷிதா. "ஒரு பொட்டு தவறி உழுந்து கெடக்குது பாருங்க. ஆரோடதுன்னு கேட்டுக் குடுத்துடலாம்."

வகுப்பு சிரித்தது. மதிவதனி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவள் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்றின் உச்சி ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு கிராமில் இருந்தது. அவளுடையது ஐந்நூற்று இருபத்தொன்று.

சனிக்கிழமை அவள் போகவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். காங்கேயத்துக்குப் பக்கத்தில் அவள் ஊரான காடையூரிலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதிலேயே பகல் ஓடிவிட்டது. திங்கட்கிழமை மிஸ்ஸிடம் போனில் சொல்லிவிட்டுத் தனியாகக் களத்துக்குப் போனாள். முதலாளி ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். கொட்டகைக்குள் கூரை முட்டக் காய் குவிந்திருந்தது. பெண்கள் கூடைகூடையாக அள்ளி வந்து உடைக்கிறவர்களிடம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளான சின்னாத்தாளிடம் கேட்டு, கொட்டும் கூடைகளில் ஒவ்வொன்றையாக வரிசையில் உருட்டி வைத்து, புத்தகத்தின் பின்னால் இருக்கும் எண் அட்டவணையைப் பார்த்து, எந்த எண் வந்ததோ அந்தக் காயை எடுத்தாள். கூடைக்கு ஒரு காய்.

"தேங்கா எடுக்கறதுக்கு ஜோசியம் பாக்கறது இங்கதான் கண்ணு பாக்கறன்," என்றாள் சின்னாத்தாள். "சோப்ளாங்கியா ஒண்ணு வந்துபோச்சே, அத எறிஞ்சுபோட்டு வேற எடு."

"எறியக் கூடாதுங்க. வந்தது வந்ததுதானுங்க."

"அப்ப உன்ற ஜோசியம் உனக்கே நல்லதாச் சொல்லாது போல."

முழு முற்பகல் அந்த வேலைக்குச் சரியாக இருந்தது. எடுத்த காய்களைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

இப்போது அந்த முற்பகல் சார்ட்டில் ஒரு மெரூன் பொட்டாக, எல்லோரும் பார்த்துச் சிரிக்கும்படி, ஓரத்தில் கிடந்தது.

வகுப்பு முடிந்ததும் ரூபினா மிஸ் அவளை மட்டும் இருக்கச் சொன்னார். ரெக்கார்டு நோட்டை விரித்து வைத்திருந்தார். அதில் கையெழுத்து விழுந்தால்தான் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியும். தேர்வு அடுத்த வாரம்.

"ஒண்ணும் பயப்படாத மதி," என்றார். நல்ல மனுஷி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மாணவிகளை அழவிட்டுப் பழக்கமில்லை. "சாம்பிள்னு ஒண்ணு எடுத்தா இப்படி ஒண்ணு ரெண்டு தள்ளித்தான் விழும். தற்செயலான விலகல்னு ஒரு வரி எழுதிடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன். விஷயம் முடிஞ்சுது."

பேனா மூடி திறந்திருந்தது. ஒரு வரி எழுதினால் போதும்.

"எழுத முடியாதுங்க மிஸ்."

"ஏன்?"

"தற்செயல் இவ்வளவு தூரம் போகாதுங்க."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

மதிவதனி நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். தன் இருபத்தைந்து காய்களும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருந்தன என்று ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்தாள். எண்பத்தெட்டு கிராம். அதை ஐந்தால் வகுத்தால் பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சராசரி தானாக அலைந்தால் அந்தப் பதினெட்டு, மிஞ்சினால் அதில் இரண்டு மடங்கு, என்றைக்கோ ஒருநாள் மூன்று மடங்கு.

"எனக்கும் அவங்களுக்கும் நடுவுல எழுபத்தஞ்சு கிராம் இருக்குதுங்க. நாலு மடங்குக்கு மேல. பல்லாயிரத்துல ஒருத்திக்கு வரலாம். அந்த ஒருத்தி நான்னு எழுதச் சொல்றீங்க."

"வரவே வராதுன்னு இல்லயே."

"இல்லீங்க. ஆனா அப்படி எழுதுனா, நான் இத்தன நாளு படிச்சது எனக்கே புரியலன்னு எழுதுன மாதிரிங்க."

ரூபினா மிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். கெட்டிக்காரப் பெண் என்று தெரியும். இவ்வளவு வீம்பு இருக்கும் என்று தெரியாது.

"சரி. தற்செயல் இல்ல. அப்ப என்ன?"

"ஒண்ணு, நான் தப்பா எடுத்திருக்கணும். இல்லைன்னா அவங்க முப்பது பேரும் தப்பா எடுத்திருக்கணும்."

"முப்பது பேரும் ஒரே மாதிரியா?"

"குன்று அழகா இருக்குதுங்க மிஸ். அழகா இருக்கறதாலயே அது சரியான எடத்துல நிக்குதுன்னு ஆயிடாதுங்க."

மிஸ் மேஜையில் அடுக்கியிருந்த மற்ற ரெக்கார்டுகளில் மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினார். அது அக்ஷிதாவுடையது. மதிவதனியும் குனிந்து பார்த்தாள். இருபத்தைந்து எடைகள். மிகச் சிறிய காய் நானூற்றுத் தொண்ணூறு. அடுத்த ரெக்கார்டு. அதிலும் நானூற்று எண்பதுக்குக் கீழே எதுவும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

"என்னோடதுல நானூத்தி எண்பதுக்குக் கீழ ஒம்பது இருக்குதுங்க," என்றாள் மதிவதனி. "எங்க போச்சுங்க மிஸ், அந்தச் சின்னக் காயெல்லாம்?"

துறைத்தலைவரிடம் விஷயம் போனது. அவர் சார்ட்டைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், மதிவதனியைப் பார்த்தார். எல்லோரும் போன நாளில் போகாதவள். யாரும் உடன் இல்லாமல் எடுத்தவள். "முப்பது பேருக்கு ஒத்துப் போகுது, ஒருத்திக்கு ஒத்துப் போகல. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். "வேற மாதிரின்னு நிரூபிச்சுக் காட்டச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த ரெக்கார்டுல கையெழுத்துப் போட வேண்டாம்."

ஆக, ஒரு வரியில் முடிய வேண்டியதை அவள் தானே பெரிதாக்கிக்கொண்டாள். விடுதியில் அப்படித்தான் பேசினார்கள். நீட்டிய கையைத் தட்டிவிட்டவள் என்றார்கள். அக்ஷிதா அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நெசத்தச் சொல்லு புள்ள. அங்க போனயா, ஊட்டுலயே உக்காந்து எழுதிப்போட்டயா?"

"போனேன்."

"போனா எங்க காயி ஐந்நூத்தி இருபத்தொண்ணுன்னு எப்புடி வரும்? என்ற அப்பா கேட்டா நாக்கப் புடுங்கிக்குவாரு. காங்கேயத்துல எங்க காய்க்குன்னு ஒரு பேரு இருக்குது."

"உங்க காய நான் கொறச்சுச் சொல்லல."

"பின்ன? ஒட்டுன பொட்டு சொல்லுதே."

மதிவதனி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஊட்டுல உக்காந்து எழுதறவ உங்களோடதுக்குப் பக்கத்துல எழுதியிருப்பா அக்ஷி. இப்படி எட்டத்துல எழுதி ஆராச்சும் மாட்டிக்குவாங்களா?"

அக்ஷிதா வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்கினாள். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. அப்படிப் பட்டதுதான் பிடிக்கவில்லை.

"சரி," என்றாள். "சனிக்கெழம மறுக்காப் போலாம். எல்லாரும். அப்பாகிட்ட நான் சொல்றேன். தப்பு ஆரு மேலன்னு அங்கயே பாத்துடலாம். உன் மேலன்னா களத்துல வெச்சே சொல்லணும்."

"சொல்றேன்."

"எல்லாரு முன்னாலயும்."

"சொல்றேங்கறேன்ல."

வெள்ளிக்கிழமை மாலை மதிவதனி வீட்டுக்குப் போனாள். அம்மா மாசாணியம்மாள் காடையூருக்குப் பக்கத்துப் பள்ளியில் சத்துணவுச் சமையல். காய்ச்சல் விட்டுத் திரும்பவும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "எழுதிப்போட்டு வந்திருக்கலாமில்ல?" என்றாள்.

"எழுதியிருக்கலாம்."

"ஏன் எழுதல?"

"பொய்யும்மா அது."

"பரிச்சைக்கு உடலைன்னா?"

"அடுத்த வருசம்."

மாசாணியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் குரலில் வருத்தம் இருந்ததா என்று மதிவதனிக்குத் தெரியவில்லை. "உங்கப்பனாட்டமே," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அந்த வீட்டில் அது திட்டும் அல்ல, புகழ்ச்சியும் அல்ல. ஆனால் ராத்திரி தோசைக்கு நெய் விழுந்தது.

சனிக்கிழமை காலை கல்லூரிப் பேருந்து களத்துக்கு வரும் முன்பே அவள் வாசலில் நின்றாள். எல்லோரோடும் சேர்ந்து உள்ளே போனாள். சிமெண்டுக் களம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. நடுவே புதுத் தார்ப்பாய் விரித்து அதன் மேல் காய் குவித்து வைத்திருந்தது. குடுமி ஒதுக்கி, நார் சீவி, ஒன்று போல ஒன்று. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேஜை மேல் எலக்ட்ரானிக் தராசு மூன்று. எல்லோருக்கும் இளநீர்.

"போன தடவயும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று பக்கத்தில் வந்தவளிடம் கேட்டாள் மதிவதனி.

"ஆமா. இந்தத் தார்ப்பாய்லதான் நம்பர் போட்டு எடுத்தோம். நாங்களும் ஒழுங்காத்தான் எடுத்தோம் மதி. சீட்டுக் குலுக்கித்தான்."

அவள் சொன்னது உண்மை. முப்பது பேரும் ஒழுங்காகத்தான் எடுத்திருந்தார்கள். யாரும் கண்ணால் பார்த்துப் பெரிய காயைப் பொறுக்கவில்லை. மதிவதனி தார்ப்பாயைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது.

அக்ஷிதாவின் அப்பா ஸ்ரீனிவாஸ் வெள்ளை வேட்டியில் வந்து எல்லோருக்கும் கை கூப்பினார். "வாங்க வாங்க. மிஸ்ஸு, நீங்க நெழல்ல உக்காருங்க. அம்மணிகளா, மொதல்ல எளநி குடிங்க. கணக்கெல்லாம் எங்கயும் ஓடிப்போகாது."

"ஏனுங்க," என்றாள் மதிவதனி. "இந்தக் காயி எங்கிருந்து எடுத்ததுங்க?"

"நம்ம தோட்டத்துக் காயிதான் அம்மணி. கொட்டாயில இருக்கறதுதான்."

"கொட்டாயில இருந்து அப்படியே அள்ளிக் கொட்டுனதுங்களா?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது.

"அப்புடியே அள்ளிக் கொட்டறதா? நல்லாக் கேட்டீங்க. ரெண்டு ஆளு நேத்திருந்து உக்காந்து பொறுக்குனாங்க. சிறுசு, கோணலு, தண்ணி வத்துனது ஒண்ணு இருக்காது. வேணும்னா தேடிப் பாருங்க."

"போன சனிக்கெழமயுங்களா?"

"போன சனிக்கெழமையும்தான். காலேஜுல இருந்து மொத மொதலா வாரீங்க. வந்தவங்களுக்கு முன்னால சுண்டக்காயாட்டம் கொண்டாந்து வைப்பாங்களா?"

களத்தில் இளநீர் உறிஞ்சும் சத்தம் கூட நின்றது. ரூபினா மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறாரா, தன்னையே நொந்துகொள்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் இருக்கும். எங்கிருந்து எடுத்தது என்ற கேள்வியைப் போன வாரமே கேட்டிருக்க வேண்டியவர் அவர். இளநீரும் நாற்காலியும் அதைக் கேட்க விடவில்லை.

"அப்பா," என்றாள் அக்ஷிதா.

"என்ன கண்ணு? என்ன தப்பு?"

மதிவதனிக்கு அந்த நேரத்தில் திரும்பி நின்று எல்லோர் முகத்தையும் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. இன்னும் ஒன்றும் முடியவில்லை. இவர்கள் எடுத்தது பொறுக்கிய காய் என்று தெரிந்தது, அவ்வளவுதான். அவளுடைய ஐந்நூற்று இருபத்தொன்று சரி என்று அதற்குள் யாரும் சொல்லிவிட முடியாது.

"கொட்டாயத் தொறந்து உட்டீங்கன்னா, அதுல இருந்து எடுத்துப் பாத்துக்கறோங்க," என்றாள்.

ஸ்ரீனிவாஸின் முகம் மாறியது. "கொட்டாயில இருந்தா? சிறுசும் பெருசும் கலந்து கெடக்கும் அம்மணி. அத எட போட்டு, எழுதி, காலேஜுல மாட்டி வெப்பீங்க. காங்கேயத்துக்காரன் காயி இவ்வளவுதான்னு நாலு பேரு பேசறதுக்கா? முடியாதுங்க. காயி வேணும்னா இதுல எடுங்க. பத்துத் தார்ப்பாய் வேணும்னாலும் போடச் சொல்றேன்."

"நல்ல காயி எவ்வளவு எடன்னு கேட்டு நாங்க வரலீங்க. உங்க காயி எவ்வளவு எடன்னு கேட்டு வந்தோம்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லீங்க."

அவர் அவளை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார்.

"நீ ஆரூட்டுப் புள்ள அம்மணி?"

அந்தக் கேள்வியில் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் குரல் இறங்கவில்லை.

"காடையூருங்க. அப்பா ராசப்பனுங்க, இப்ப இல்லீங்க. அம்மா மாசாணியம்மாள். சத்துணவுல சமைக்கறாங்க. திங்கக்கெழம இங்க வந்து காயி எடுத்தது நான்தானுங்க. எனக்கு வந்தது சின்ன நம்பரு. அத ஆரும் நம்பல. பொறுக்குன காய எத்தன தார்ப்பாய் போட்டாலும் அத நம்ப வெக்க முடியாதுங்க. கொட்டாயத் தொறந்தா முடியும். நான் தப்பா எடுத்திருந்தாலும் அதுலயே தெரிஞ்சுபோயிரும். அப்ப உங்க காயி பெருசுதான்னு நானே எழுதறேனுங்க."

முன்பின் தெரியாத பெண், அதுவும் தன் களத்தில் நின்று, இப்படி அடுக்கடுக்காகச் சொன்னது ஸ்ரீனிவாஸுக்குப் புதிது. மகளைப் பார்த்தார்.

அக்ஷிதா கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். "பொறுக்குன காயப் பாத்து மெச்சிக்கிட்டா அது நம்ம காய்க்குப் பெருமயாப்பா?" என்றாள் திரும்பாமலே. "பொறுக்குனவங்க கைக்குத்தான் பெரும." தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது. தார்ப்பாய்க்கு எடுத்தது போகவும் உள்ளே காய் கூரை முட்டக் கிடந்தது.

ஸ்ரீனிவாஸ் சிரித்துவிட்டார். வேறு வழி இல்லாதபோது வரும் சிரிப்பு. "ஊட்டுல வாய்க் கொழுப்புக்குக் கொறச்சலில்ல," என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, "ஏனுங்க சின்னாத்தா, இவங்களுக்குக் கூடையில அள்ளிக் குடுங்க," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

சின்னாத்தாள் வெளியே வந்து முப்பது பேரையும் பார்த்தாள். "அன்னைக்கு ஒரு ஜோசியக்காரி வந்தா. இன்னைக்குக் கூட்டமே வந்துபோச்சா," என்றாள்.

எல்லோரும் மதிவதனி எடுத்த மாதிரியே எடுத்தார்கள். கூடையைக் கொட்டி, வரிசையில் உருட்டி, அட்டவணை சொன்ன எண்ணில் வந்த காய். சோப்ளாங்கி வந்தாலும் சரி. அக்ஷிதா கைக்கு ஒரு குட்டிக் காய் வந்தபோது அதை இரண்டு விரலில் தூக்கி அப்பாவுக்குக் காட்டினாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இதற்கிடையில் ரூபினா மிஸ் ஒரு கரித்துண்டு கேட்டு வாங்கி, களத்துச் சிமெண்டில் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தார். பத்துப் பத்துக் கிராமுக்கு ஒரு கட்டம். நானூற்று எண்பதிலிருந்து அறுநூற்று இருபது வரை. "இன்னைக்குப் பொட்டு கிடையாது," என்றார். "சராசரி வந்தவங்க வந்து அவங்கவங்க கட்டத்துல நில்லுங்க. ஒரே கட்டத்துக்கு ரெண்டு பேரு வந்தா ஒருத்தர் பின்னால ஒருத்தர்."

பிறகு மதிவதனியிடம், "நீ உன் பழைய நம்பர்லயே நில்லு," என்றார்.

அவள் போய் ஐந்நூற்று இருபது என்று எழுதியிருந்த கட்டத்தில் நின்றாள். களம் முழுக்க வெயில். கட்டங்கள் எல்லாம் காலி. வலது பக்கம் தூரத்தில் ஐந்நூற்றுத் தொண்ணூறு இருந்தது. ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்தால், இந்த இடத்தில் அவள் தனியாக, எல்லோரும் பார்க்க நின்றுகொண்டிருப்பாள். சொன்ன சொல்லை எல்லோர் முன்பும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வாள். அதை முன்பே முடிவு செய்திருந்தாள். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தவள் ஷ்ரவ்யா. தாளைப் பார்த்தாள், கட்டங்களைப் பார்த்தாள், மதிவதனியைத் தாண்டிப் போனாள். ஐந்நூற்று அறுபதில் நின்றாள்.

ஒன்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதைத்தானே மதிவதனி இந்த வாரம் முழுக்கப் படித்தாள்.

அடுத்தவள் ஐந்நூறில் நின்றாள். இடது பக்கம், அவளுக்கும் கீழே. அதற்கடுத்தவள் ஐந்நூற்று முப்பதில். பிறகு இருவர் சேர்ந்து வந்தார்கள், ஒருத்தி பத்தில், ஒருத்தி மறுபடி முப்பதில். நவ்யா வந்து மதிவதனியின் பின்னால் நின்று அவள் தோளைத் தொட்டாள். "எனக்கும் இருபதுதான்," என்றாள் காதோரம். "இருபத்தாறு."

அதற்குப் பிறகு மதிவதனி எண்ணவில்லை. வெறுமனே பார்த்தாள். ஒவ்வொருத்தியும் தன் தாளோடு வந்து, தயங்கி, தன் இடம் கண்டு நின்றாள். யாருக்கும் யாருடைய காயும் தெரியாது. ஒருத்தி அதிகம், ஒருத்தி குறைவு, ஒருத்தியும் சொல்லி வைத்து வரவில்லை. ஆனாலும் நடு நிறைந்தது, ஓரம் மெலிந்தது. தன்னைச் சுற்றி அது எழும்புவதை அவள் உடம்பாலேயே உணர்ந்தாள். முதுகுக்குப் பின்னால் பேச்சும் மூச்சும் சேர்ந்துகொண்டே போயின. வலது பக்கத்து வரிசை அவளுடையதை விட நீண்டது.

ஐந்நூற்றுத் தொண்ணூறு காலியாகவே கிடந்தது. எண்பதும் காலி.

அக்ஷிதா கடைசியாக வந்தாள். கணக்கை இரண்டு முறை போட்டிருப்பாள் போல. நாற்பதில் நின்றாள். இரண்டு வரிசை தள்ளி அங்கிருந்தே மதிவதனியைப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மணி," என்றாள் எல்லோருக்கும் கேட்க. "உங்களுது நடுவுல கூட இல்லயே. நடு அங்க முப்பதுல இருக்குது."

"இல்லதான்."

"பின்ன என்னத்துக்கு இவ்வளவு வீம்பு?"

"நடுன்னு நான் எப்பச் சொன்னேன்? தற்செயலு எழுபத்தஞ்சு கிராம் போகாதுன்னுதான் சொன்னேன். நான் நடுவுல இருந்து ஒரு கட்டம். நீயும் ஒரு கட்டம் தள்ளித்தான் நிக்கற, அந்தப் பக்கம்."

அக்ஷிதா தன் காலடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "எழுதிப்போட்டயான்னு கேட்டேன் பாரு," என்றாள். "அத மறந்துடு."

"மறக்க மாட்டேன்," என்றாள் மதிவதனி. "சொல்லிக் காட்டவும் மாட்டேன்."

ஸ்ரீனிவாஸ் களத்து ஓரத்தில் நின்று இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கட்டம் புரியவில்லை. ஆனால் முப்பத்தொரு பெண்கள் தன் களத்தில் இப்படி வளைந்து நிற்பது எதையோ சொல்கிறது என்று புரிந்தது. "அப்ப என்ற காயி எவ்வளவுங்க மிஸ்ஸு?" என்றார்.

"ஐந்நூத்தி முப்பதுக்குப் பக்கத்துலங்க. அஞ்சு கிராம் அப்படி இப்படி இருக்கலாம்."

"பொறுக்காமயே?"

"பொறுக்காமயே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பொறுக்காம ஐந்நூத்தி முப்பது," என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அது அவருக்குப் பிடித்துப் போனது. "இந்த வறட்சியில பொறுக்காமயே ஐந்நூத்தி முப்பதுன்னா, ஆரு வேணும்னாலும் வந்து எட போட்டுப் பாக்கட்டுமுங்க," என்றார் இப்போது சத்தமாக.

ரூபினா மிஸ் பையிலிருந்து மதிவதனியின் ரெக்கார்டை எடுத்தார். காலைக் கொஞ்சம் மடக்கி, முழங்கால் மேல் வைத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். "துறைத்தலைவர்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றார். "மத்தவங்க எல்லாரும் ரெக்கார்டத் திரும்ப எழுதணும். முப்பது பேரும்."

ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அதில் நவ்யாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

மதிவதனி கட்டத்தை விட்டு வந்து ரெக்கார்டை வாங்கினாள். கையெழுத்தைப் பார்த்தாள். மூடினாள். நிழலில் நாற்காலிகள் காலியாக இருந்தன. அவளுக்கான இளநீர் இன்னும் திறக்காமல் இருந்தது.

களத்து வெயிலில் குன்று இன்னும் கலையவில்லை. அவள் திரும்பிப் போய்த் தன் கட்டத்தில், தன் வரிசையின் முன்னால், நெஞ்சோடு ரெக்கார்டை அணைத்துக்கொண்டு நின்றாள்.